அம்மா போன வழியைப் பாதையாக்கிய உங்களுக்கு

அன்புள்ள ஊராருக்கும், சபையாருக்கும், வெளியூரிலிருந்து கைகொடுத்த எல்லோருக்கும் என் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

போன சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் தெருவிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கும் சுடுகாட்டுக்கும் போகிற பாதையில் கடைசி டிராக்டர் கப்பி கொட்டி முடிந்தது. அன்று இரவே இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். யார் யாருக்கு நன்றி சொல்வது என்று கேட்டுக்கொண்டு போனால், பாதிப்பேர் "என் பேரப் போடாதீங்க அக்கா" என்றார்கள். அதனால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கிறவர்களுக்குத் தங்களைத் தெரியும்.

எங்கள் ஊர் பொறையாருக்கு மேற்கே, கடைமடையில் இருக்கிறது. தெருவுக்கும் இடுகாட்டுக்கும் நடுவில் முழுக்க நஞ்சை. உளுந்து பிடுங்கிய பிறகு, கோடையில், தரிசில் குறுக்கே நடந்து போய்விடலாம். ஆவணியிலிருந்து தை வரைக்கும் யாராவது இறந்துபோனால் நட்ட வயலில் இறங்கித்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். என் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால், கார்த்திகை மாதத்தில், என் அம்மா இறந்துபோனார்கள். இரண்டு நாள் அடைமழை. தாளடி நட்டு இருபது நாள் ஆகியிருந்தது. வயலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். பாதி வயல் போனதும் தம்பி மகனுக்குக் கால் புதைந்து அவன் ஒருக்களித்துச் சாய்ந்தான். பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் தண்ணீரில் இறங்கிவிட்டது. நான்கைந்து பேர் பாய்ந்து போய் நிமிர்த்தினார்கள். மூடியின் மேல் சேறும், வேரோடு பெயர்ந்து வந்த இரண்டு பயிரும் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பயிரை நான்தான் எடுத்தேன். எடுத்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், குனிந்து அதே இடத்தில் திரும்ப நட்டேன். அம்மா நாற்பது வருடம் நடவு நட்ட வயல் அது. வரப்பில் நின்ற ஒருவர், "பயிர மிதிச்சு நாசம் பண்றீங்களே" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் சபைப் போதகர் ஐயர் ஜெபத்தை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த நன்றி அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் சபைக்கு இன்னொரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ரோட்டோரம், சுற்றுச்சுவரோடு, கேட் போட்டது. அதில் எந்தெந்தக் குடும்பங்களை அடக்கம் செய்வார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவுக்கு வயலுக்கு அந்தப் பக்கம் உள்ள இடம்தான். அம்மாவின் அடக்கத்துக்கு அடுத்த ஞாயிறு, ஐயர் பிரசங்கத்தில் பழைய கதையை எடுத்தார். 1706-ல் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்கியது எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். மறு வருடம் முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ்காரர் வீடுகளில் அடிமையாக இருந்தவர்கள் என்பதை அன்றுதான் பலபேர் கேட்டோம். 1733-ல் வேளாளரான ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். தஞ்சை அரசரின் படையில் சேவகராக இருந்து, வேதத்தைப் படித்து மனம் திரும்பி, தஞ்சைச் சீமையில் ஊர் ஊராக ஊழியம் செய்த ராஜநாயக்கனுக்கு அந்தப் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் பறையர். நூறு வருடம் கழித்து, 1833-ல், சாதி வேறுபாட்டைச் சபையை விட்டே அகற்ற வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் உத்தரவு எழுதியபோது, தஞ்சாவூரில் எத்தனையோ பேர் சாதியை விடவில்லை, சபையைத்தான் விட்டார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு ஐயர், "நம்ம கேட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஞாயிறு கோயிலில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் இரண்டே மாதத்தில் சபைச் சங்கம் கூடி, ரோட்டோரக் கல்லறைத் தோட்டம் சபையார் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் எழுதியது. அதற்குக் கையெழுத்துப் போட்ட மூப்பர்களுக்கு என் முதல் நன்றி. அவர்களில் இருவர் சொந்த அண்ணன் தம்பியின் பேச்சுவார்த்தையை இழந்து அதைச் செய்தார்கள். எனக்குத் தெரியும்.

அதோடு நின்றிருந்தால் இந்த மடலுக்கு வேலையில்லை. எங்கள் தெருவில் பாதி வீடு கிறிஸ்தவர்கள், பாதி வீடு இந்துக்கள். அண்ணன் வீட்டில் சிலுவை, தம்பி வீட்டில் மாரியம்மன் படம். 1950-ஆம் வருடத்து ஜனாதிபதி ஆணையின்படி கிறிஸ்தவனானால் எஸ்.சி. சான்றிதழ் இல்லை. அந்தக் கதவு 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் திறந்தது, எங்களுக்குத் திறக்கவில்லை. ஆக, அண்ணன் பிள்ளைக்கு பி.சி., தம்பி பிள்ளைக்கு எஸ்.சி. செத்தால் மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒரே சேறு. இப்போது கிறிஸ்தவ வீட்டுப் பிணம் மட்டும் ரோட்டு வழியாகப் போய், மாரியம்மன் வீட்டுப் பிணம் வயலில் இறங்கினால், சேற்றையும் நாமே பங்குபோட்டுக் கொடுத்ததாக ஆகாதா? பெண்கள் சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்டது படிக்கத் தெரியாத ஒரு அத்தாச்சி. பாதை வேண்டும், தெருவுக்கே வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தோம். என் அறிவுக்கு எட்டியவரை மிஷன் என்பது இதுதான். ஆள் சேர்ப்பதற்காக நாங்கள் பாதை கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சேற்றில் இறங்கும்போது நாம் ரோட்டில் நடக்க முடியாது, அவ்வளவுதான்.

தோழருக்கு நன்றி. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர், கோயில் வாசல் மிதிக்காதவர். எங்களுக்கு மனு எழுதத் தெரியாது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு எதை எடுத்துப் போவது, புலப்படத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது, கிராமசபையில் தீர்மானத்தை நோட்டில் ஏற்றாமல் எழுந்து வரக்கூடாது என்பது எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. ஒவ்வொரு டிசம்பர் 25-ம் அவர் கீழவெண்மணிக்குப் போய்விடுவார். 1968-ல் அந்தக் கிறிஸ்துமஸ் இரவில்தான் கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்கள் ஒளிந்திருந்த குடிசைக்குத் தீ வைத்து 44 பேரைக் கொன்றார்கள். போன கிறிஸ்துமஸுக்கு ஆராதனை முடிந்த கையோடு எங்கள் வாலிபர்கள் பன்னிரண்டு பேர் அவருடன் வேனில் போய் அஞ்சலி செலுத்திவிட்டு வந்தார்கள். பண்டிகை நாளில் இது எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

நில அளவைக்கு வந்த சர்வேயர் தம்பிக்கு நன்றி. உச்சி வெயிலில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, காணாமல் போயிருந்த கல் ஒன்றை மண்வெட்டியால் தானே தோண்டி எடுத்தார். அப்போதுதான் தெரிந்தது, வாய்க்காலோரம் எட்டடி அகலத்துக்குப் புறம்போக்கு ஓடுகிறது என்று. உழவு உழவுக்கு அரையடி வெட்டி வெட்டி அதை ஒற்றை வரப்பாக ஆக்கியிருந்தார்கள். அந்த இடத்தை விட்டு ஒதுங்கிக்கொண்டவர்களுக்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. கோபம் எதுவும் இல்லை. அது முன்பும் பொதுவழிதான், இப்போதும் பொதுவழிதான்.

பட்டா நிலத்திலிருந்து கொடுத்தவர்களுக்குத்தான் நன்றி. புறம்போக்கு முடிகிற இடத்திலிருந்து இடுகாடு வரைக்கும் மூன்று பேருடைய வயல். இரண்டு பேர் கேட்டதும் சரி என்றார்கள். மூன்றாவது வயல், அம்மாவின் பெட்டி சாய்ந்த வயல். பாதைக்கு 14 குழி நிலம் தேவைப்பட்டது. அன்று வரப்பில் நின்று சத்தம் போட்டவர் அந்த வீட்டுப் பிள்ளைதான். நிலம் அவர் தாயார் பெயரில் இருந்தது. ஆச்சியைப் பார்க்கத் திண்ணை வரைக்கும் போய், கூப்பிடத் தயங்கி நின்றேன். ஆச்சியே கைத்தடியோடு எழுந்து வந்து, "உள்ள வா" என்றார்கள். எங்கள் அம்மா ஒரு நாளும் அந்த நிலைப்படி தாண்டியதில்லை. கூடத்தில் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். "உங்கம்மா கை நட்ட நெல்லுதான் நாப்பது வருஷமா இந்த வீட்ல பொங்கிச்சு. கடைசியா அவ போறதுக்கு ஒரு வழி விடலயே நாங்க" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. ஊராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிக் கைநாட்டு வைக்க, முட்டிவலியோடு பத்திர ஆபீஸ் படி ஏறினார்கள். கூடக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டது அந்தப் பிள்ளைதான். அவருக்கும் என் நன்றியைச் சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

குளத்து மண்ணை அள்ளித் தந்த ஜேசிபிக்காரப் பாய், டீசல் காசுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. நோன்பு மாதத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை பார்த்தார். சிங்கப்பூரிலிருந்தும் குவைத்திலிருந்தும் பணம் அனுப்பிய தெருப் பிள்ளைகள், வாய்க்கால் குறுக்கே பதித்த மூன்று சிமெண்ட் குழாய்களுக்குச் சொந்தக்காரர்கள். ஊராட்சித் தலைவருக்கும் செயலருக்கும் நன்றி. நூறு நாள் வேலையில் மண் சமப்படுத்திய அக்கா தங்கச்சிகளே, மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று காலை ஆறு மணிக்கே வந்து நின்றீர்கள். எந்தப் பக்கம் மண் கரையும், எங்கே ஒரு சாண் உயர்த்த வேண்டும் என்று இன்ஜினியருக்கே சொல்லிக்கொடுத்தீர்கள். அந்த மண்ணை உங்களைவிட யாருக்குத் தெரியும்?

பாதை முழுதாக முடிவதற்கு முன்பே அதில் முதலில் போனது எங்கள் தெருப் பறையடிக்கும் தாத்தா. மாரியம்மன் வீட்டுக்காரர். ஐயரிடம் கேட்டோம், கோயில் துக்கமணியை அடிக்கச் சொன்னார். பறையும் மணியும் சேர்ந்து கேட்டதை எங்கள் ஊர் அன்றுதான் முதலில் கேட்டது. தூக்கிப் போனவர்களில் என் தம்பி மகனும் ஒருவன். திரும்பி வந்து, கால் கழுவ வைத்திருந்த குடத்துப் பக்கம் போய், காலைக் குனிந்து பார்த்துவிட்டு அழுதான். சேறு இல்லை.

வசூல் கணக்கு கோயில் பலகையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டியிருக்கிறது. மிச்சப் பணத்தில் இரண்டு தெருவிளக்குப் போட எண்ணம். வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

வருகிற கார்த்திகையில் அம்மாவின் நினைவு நாள். அன்று மதியம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. அதற்கு முன்னால் கல்லறைக்குப் போய் ஒரு ஜெபம். மழை பெய்தாலும் வாருங்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டியதில்லை.

சபைப் பெண்கள் சங்கத்தின் சார்பிலும், தெருவார் சார்பிலும்,
உங்கள் சகோதரி