செயலாளர் ஆண்டறிக்கை: இந்த வருஷம் முழுக்க விங்டிப் பேச்சுதான்

தலைவர் அண்ணா, மெம்பர்ஸ், வீட்டாளுங்களோட வந்திருக்கற எல்லாருக்கும் வணக்கம். நாமளே பிளேன் கட்டற நம்ம சங்கத்துல மாசாமாசம் ஹாங்கர்ல (பிளேன் நிறுத்தற கொட்டகைல) கூடற கூட்டம் இந்த வருஷமும் நிக்காம நடந்துச்சு, ஜூலை கடைசில ஆஷ்கோஷ் விமானத் திருவிழாவுக்குப் போயிட்டு வந்தோம், புதுசா சேந்தவங்களுக்கு ரிவெட் அடிக்கவும் சொல்லிக்குடுத்தாச்சு. அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன், நாம கிட் வெச்சு கட்டற ஆர்வி-6 பிளேனோட இறக்கைக்கு எந்த விங்டிப் (இறக்கை நுனி மூடி) போடறதுங்கற கேள்வி.

ஆஷ்கோஷ் போயிட்டு வந்ததும் நம்ம இளவட்டம் பாதிப்பேருக்கு விங்லெட், அதாவது இறக்கை நுனில மேல நிமிந்து நிக்கற சின்ன இறக்கை மேல ஆசை வந்துடுச்சு. அது தப்பில்ல, நாசாவோட லாங்லி ஆராய்ச்சி மையத்துல ரிச்சர்ட் விட்கோம்ப் 1976ல ஆராய்ச்சி வெளியிட்டு, அப்பறம் கேசி-135 ஜெட்ல மாட்டி பறக்கவிட்டே டிராக் (காத்து பிளேன பின்னாடி இழுக்கற விசை) கொறையுதுன்னு நிரூபிச்ச சமாச்சாரம் அது. டிசைனர் பர்ட் ருட்டானோட வேரிஈஸி, லாங்-ஈஸி பிளேன்லயும் விங்லெட் இருக்குதேன்னு கேட்டாங்க, ஆனா அந்த பிளேன்ல பின்னாடி வாலே கிடையாது, ரட்டர் (மூக்க இடம் வலம் திருப்பற பலகை) வேலையையும் அந்த விங்லெட்தான் பாக்குது, நமக்கு வால் இருக்குது. இன்னொரு பக்கம் சீனியருங்க ஹோர்னர் டிப் போடலாம்னாங்க, ஜெனித் 701 பிளேன்ல இருக்கற மாதிரி அடிப்பக்கம் சரிவா மேல ஏறி மேல்விளிம்பு கூரா முடியும், கீழருந்து சுத்தி ஏறப்பாக்கற காத்து அந்த விளிம்ப தாண்ட கஷ்டப்படும், நுனில உண்டாகற காத்துச் சுழல் கொஞ்சம் வெளிய தள்ளிப்போகும், ஸ்பேன் (ஒரு நுனிலருந்து மறு நுனி வரைக்கும் உள்ள நீளம்) கொஞ்சம் கூடுன மாதிரி ஆகும்.

வாதம் ஓயாததால கடைசில கணக்குப் போட்டுப் பாத்தோம், எனக்கு இந்த வருஷம் ரொம்பப் பிடிச்ச கூட்டம் அதுதான். எடை 1600 பவுண்டு, ஸ்பேன் 23 அடி, மணிக்கு 180 மைல் வேகத்துல போனா இண்ட்யூஸ்ட் டிராக் (இறக்கை பிளேன தூக்கறதால வர்ற இழுவை) சுமார் 23 பவுண்டுதான் வருது, மொத்த டிராக் 200 பவுண்டு பக்கம். டிப்ப மாத்தி அந்த 23ல 5 சதவீதம் மிச்சம் புடிச்சாலும் ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல, வேகத்துல அரை மைல் கூட ஏறாது. மணிக்கு 100 மைல் வேகத்துல மேல ஏறும்போது அதே டிராக் 75 பவுண்டு ஆயிடுது, அதாவது மெதுவா பறக்கற பிளேன், சின்ன ரன்வேல எறங்கற பிளேன், இதுக்கெல்லாம் டிப் நல்லா உதவும், ஜெனித் காரங்க அத போடறதுல நியாயம் இருக்கு. நம்ம பிளேன் வேகமா ஓடறதுக்குன்னே பொறந்தது.

ஸ்பேனையே நீட்டிடலாம்னு ஒரு யோசனையும் வந்துச்சு, டிராக் கணக்குல அதுதான் நல்ல பலன் தரும், ஆனா ஸ்பார் (இறக்கைக்குள்ள ஓடற உத்தரம்) வேர்ல வளைக்கற பாரம் ஏறும், நுனில எடை கூடுனா ஃப்ளட்டர் (வேகத்துல இறக்கை படபடன்னு ஆடறது) கணக்க திரும்பப் பாக்கணும், ரோல் (பக்கவாட்டுல சாயறது) மந்தமாகும், அப்பறம் ஹாங்கர் கதவுல நுழையணுமே. டிசைனர்கிட்ட கேக்காம அதுல கை வைக்கவே கூடாதுங்கறது என் உறுதியான கருத்து. பறந்துக்கிட்டிருக்கற பிளேன்ல இப்படி பெரிய மாத்தம் செஞ்சா அமெரிக்க விமான ஆணையமான எஃப்ஏஏக்கு சொல்லி மறுபடி டெஸ்ட் ஃப்ளைட்டும் ஓட்டணும்.

அதனால கிட்ல வந்த ஃபைபர்கிளாஸ் டிப்பே போதும்னு முடிவாச்சு. டிராக்கை விட நம்ம பாத்தது வேற: இடது சிவப்பு, வலது பச்சை லைட் ஒவ்வொண்ணும் 110 டிகிரி மறைக்காம தெரியணும், உள்ள வி.ஓ.ஆர். (ரேடியோ மூலமா வழி காட்டற கருவி) ஆன்டெனா வெக்க எடம் வேணும். அலுமினிய இறக்கைல ரேடியோ அலை உள்ள வர அந்த ஃபைபர்கிளாஸ் நுனி ஒண்ணுதான் வழி, எடை கம்மியாகும்னு கார்பன்ல செஞ்சா அந்த வழியும் அடைஞ்சு போயிடும், இத எடுத்துச் சொன்ன நம்ம எலக்ட்ரானிக்ஸ் தம்பிக்கு சங்கம் நன்றி சொல்லுது. டிப்ப ரிவெட் அடிச்சு மூடாம நட்பிளேட் (இறக்கைல நிலையா பொருத்தற நட்டு) வெச்சு ஸ்க்ரூல மாட்டறோம், ஹாங்கர்ல மொதல்ல இடிபடறது நுனிதான், கழட்டற மாதிரி இருந்தாத்தான் ரிப்பேரும் வயரிங்கும் சுலபம்.

வர்ற மாசம் ஃபைபர்கிளாஸ் தேய்க்கற வேலை ஆரம்பிக்குது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, வர்றவங்க நல்ல மாஸ்க்கும் முழுக்கை சட்டையும் போட்டுட்டு வாங்க, சின்னப் பசங்கள அன்னைக்கு மட்டும் கூட்டிட்டு வராதீங்க. வரவு செலவ பொருளாளர் இப்ப வாசிப்பார்.