கோலம் இல்லாத வாசல்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தெருமுனைப் பிள்ளையார் கோயில் உண்டியலை உடைத்துவிட்டார்கள் என்று படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. பரீட்சைக்குப் போகுமுன் நாம் இருவரும் தோப்புக்கரணம் போட்ட வாசல் அல்லவா அது? போன பணத்தைவிட, "இனிமேல் ராத்திரியில் திண்ணையில் உட்காரவே பயமாக இருக்கிறது" என்று தங்கச்சி சொன்னதாக எழுதியிருந்தாயே, அதுதான் என்னை விடவில்லை. இதற்கிடையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு மாதம் பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கப்போவதாக வேறு சொல்கிறாய். அதனால் இன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவிலும் ஆடி மாதம் ஒன்று நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்து பார்த்தால் வரிசையாக ஐந்து கார்களின் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. பூங்காவில் ஊஞ்சல் சங்கிலி அறுந்து தொங்குகிறது. சிமெண்ட் பெஞ்சு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. காலை ஏழு மணிக்குள் தெரு வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்: புது அடுக்குமாடிக் கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலப் பையன்கள்தான் காரணம் என்று. கண்ணால் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் ஒருவர் எழுதியதும் பத்துப் பேர் ஆமாம் போட்டார்கள். நாலு பேர் அந்தத் தகரக் கொட்டகைக்கே போய்க் கேட்டுவிடலாம் என்று கிளம்பிவிட்டார்கள். நான் சட்டையைக்கூட சரியாகப் போடாமல் ஓடிப்போய் நிறுத்தினேன்.

எனக்கு அப்போது நினைவில் நின்றது 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில் நடந்தது. உனக்கும் ஞாபகம் இருக்கும். குலதெய்வம் கோயிலுக்குப் போக வழி கேட்டு நின்ற ஒரு குடும்பம். அதில் 65 வயது அம்மா ஒருவர் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிக்கொண்டிருந்த நேரம் அது. ஊரே கூடி அடித்தது, அந்த அம்மா இறந்துபோனார். அடித்தவர்களும் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. உஷாராக இருப்பது வேறு, யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுவது வேறு. இந்த ஒன்றை உங்கள் தெருக்காரர்களிடமும் அழுத்திச் சொல்.

சரி, கேமராவுக்கு வருகிறேன். கோயில் வாசலில் ஒன்று வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். ஏ.கே.விஸ்வநாதன் சென்னை போலீஸ் கமிஷனராக இருந்த காலத்தில், 2017-க்கும் 2020-க்கும் நடுவே, 'மூன்றாவது கண்' என்று தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொல்லிப் பெரிய முயற்சி நடந்தது. நாங்களும் வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு எட்டு கேமரா வைத்தோம். கார் கண்ணாடி உடைந்த அன்றைக்குப் போய்ப் பார்த்தால், ஒன்றைப் புங்கமரக் கிளை மறைத்துவிட்டது, இரண்டுக்கு ஒயர் இல்லை, பதிவுப் பெட்டியின் ஹார்டு டிஸ்க் எப்போது கெட்டுப்போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இதனால் கேமராவே வீண் என்று சொல்ல மாட்டேன். 2025 மார்ச் 25 அன்று காலை தென்சென்னையில் அடுத்தடுத்துப் பல இடங்களில் சங்கிலி பறித்தவர்களை, அன்றைக்கே விமான நிலையத்தில் வைத்துப் பிடித்தார்கள் அல்லவா? கேமராப் பதிவுகள் இல்லாமல் அவ்வளவு சீக்கிரம் பிடித்திருக்க முடியாது. கேமரா வையுங்கள். ஆனால் மாதம் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்து, பதிவு ஓடுகிறதா என்று பார்க்க ஒரு ஆளையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்களுக்கு உண்மையைச் சொன்னது கேமரா அல்ல, புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்கா. பூங்கா ஓரத்துத் தெருவிளக்கு எரியாமல் மூன்று வாரம் ஆகிறது, அன்றிலிருந்து இருட்டியதும் நாலைந்து பையன்கள் பாட்டிலோடு வந்து உட்காருகிறார்கள் என்றார். விடியற்காலை நாலரைக்குப் பால் போடுபவர் அதே பையன்கள் அன்றைக்கு வண்டியை முறுக்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறார். இரண்டு பேர் எங்கள் தெருப் பையன்களேதான். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறவர்கள்.

யோசித்துப் பார். இஸ்திரி அக்கா, பால்காரர், பூக்கார அம்மா, விடியுமுன் வந்து கூட்டும் தூய்மைப் பணியாளர்கள், இவர்களுக்குத் தெரிந்த அளவு எங்கள் தெரு எங்களுக்குத் தெரியாது. அவர்களில் ஒருவரைக்கூட நாங்கள் குழுவில் சேர்க்கவில்லை, ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. நம் சின்ன வயதில் கூர்க்கா ஒருவர் தடியைத் தட்டி விசில் ஊதிக்கொண்டு வருவாரே, மாசம் பிறந்தால் வீட்டு வாசலில் வந்து சல்யூட் அடித்துக் காசு வாங்கிப் போவாரே, அவருக்கு எந்த வீட்டில் யார் என்று அத்தனையும் தெரியும். இப்போது பெரிய குடியிருப்புகளில் செக்யூரிட்டி இருக்கிறார், தெருவுக்கு என்று ஒருவரும் இல்லை.

விளக்கு அணைந்ததை நாங்கள் எல்லோரும்தான் பார்த்தோம். வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று போய்விட்டோம். கம்பத்தில் இருக்கும் எண்ணைக் குறித்து, மாநகராட்சிப் புகார் எண்ணான 1913-க்குப் போன் செய்தேன், இரண்டே நாளில் எரிந்தது. அந்த ஒரு போனை மூன்று வாரம் முன்னால் செய்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

பையன்களை என்ன செய்வது என்று பெரிய வாக்குவாதம். பொதுச்சொத்தைச் சேதப்படுத்தினால் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையானது, சிறைவரை போகும். இவர்கள் பதினெட்டு வயது ஆகாதவர்கள் என்பதால் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். கார்க்காரர் ஒருவர் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கினார். அது அவர் உரிமை, நான் தடுக்கவில்லை. கடைசியில் பெற்றோர்கள் கண்ணாடிக்குப் பணம் கொடுத்தார்கள். பையன்கள் இரண்டு ஞாயிறு கொத்தனாரோடும் வெல்டிங் தம்பியோடும் நின்று பெஞ்சையும் ஊஞ்சலையும் சரிசெய்தார்கள். அதில் ஒருவன் இப்போது என்னைப் பார்த்தால் தலை குனியாமல் "வணக்கம் மாமா" என்கிறான். எனக்கு அது பெரிய ஆறுதல்.

இனி உன் வீட்டு விஷயம். பூட்டிய வீட்டைத் திருடனுக்குக் காட்டிக்கொடுப்பது பூட்டு மட்டும் இல்லை. கேட்டில் செருகிய நோட்டீஸ் நாலு நாளாக அப்படியே இருப்பது, பகலிலும் எரியும் வாசல் விளக்கு, எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கோலம் இல்லாத வாசல். நம் ஊரில் அக்கம்பக்கம் எல்லாம் கோலம் போட்டிருக்க, ஒரு வாசல் மட்டும் காய்ந்து கிடந்தால் வேறு சாட்சி வேண்டாம். பாலையும் பேப்பரையும் நிறுத்திவிடு. விளக்குக்கு டைமர் போடு. நகையை பேங்க் லாக்கரில் வை. மாற்றுச் சாவியைச் செம்பருத்தித் தொட்டிக்கு அடியில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடு, அது எனக்கே தெரியும். போவதற்கு முன் உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் தேதியையும் உன் போன் எண்ணையும் எழுதிக் கொடு. பூட்டிய வீடுகளை ரோந்துப் போலீசார் கவனித்துக்கொள்ள அது உதவும். அவசரம் என்றால் 112-ஐ அழைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டிலும் சொல்லி வை. போன இடத்தில் எடுத்த படங்களைத் திரும்பி வந்தபிறகு போடச் சொல் உன் பேரனை.

பிள்ளையார் கோயிலில் உடைந்த உண்டியலை அப்படியே விட்டு வைக்காதீர்கள். இந்த வாரமே சரிசெய்து, வாசலில் நல்ல வெளிச்சமாக ஒரு விளக்கும் போடுங்கள். சாயங்காலம் தங்கச்சி மறுபடி திண்ணையில் உட்காரட்டும். எதிர்வீட்டு அம்மாவையும் கூட்டி வைத்துக்கொள்ளச் சொல்.

கிளம்பும் தேதியை எனக்கு எழுது. கோலத்துக்குப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாயா? மாவு டப்பாவையும் அவர்களிடமே கொடுத்துவிட்டுப் போ.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி