ஸ்பெக்ட்ரோமீட்டர் அறையைப் பூட்டாதீர்கள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் இயற்பியல் துறைத் தலைவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம் வந்தால் சி.வி. ராமன் படத்துக்கு மாலை போடுகிறோம், வினாடி வினா நடத்துகிறோம். ராமன் விளைவைக் கண்டுபிடித்த 1928, அதற்கு நோபல் பரிசு வாங்கிய 1930 இரண்டையும் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். நான் 1906-ஐப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அந்த ஆண்டு நவம்பரில் லண்டனின் ‘பிலசாபிக்கல் மேகசின்’ இதழில் ராமனின் முதல் கட்டுரை வந்தது. அப்போது அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. மாணவர், வயது 18. கட்டுரைக்குக் காரணமாக இருந்தது ஏதோ அரிய கருவி இல்லை. ஒளி திரும்பும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தின் கோணத்தை அளப்பது, அதாவது நம் பி.எஸ்சி. பிள்ளைகள் இன்றும் செய்கிற அதே பிராக்டிகல். முப்பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகவும் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது பிம்பத்தின் இரண்டு பக்கமும் விளிம்பு விளைவுப் பட்டைகள் (ஒளி விளிம்புகளில் வளைவதால் தோன்றும் கோடுகள்) தெரிந்தன. வழக்கமான கணக்குப்படி இரு பக்கமும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டியவை, அப்படி இல்லை. சாய்ந்திருக்கும் முகம் ஒரு குறுகிய செவ்வகத் துளைபோல் நடந்துகொள்கிறது, அந்தச் சாய்வுதான் சமச்சீரைக் குலைக்கிறது என்று அவர் அளந்தும் கணக்குப் போட்டும் காட்டினார்.

கேட்ட கோணத்தை மட்டும் குறித்துக்கொண்டு போயிருந்தால் இது நடந்திருக்காது. அவருடைய இயற்பியல் பேராசிரியர் ஜோன்ஸ் ராமனை அவர் போக்கில் விட்டிருந்தார். எம்.ஏ. படித்த இரண்டு ஆண்டுகளில் ஒரே ஒரு விரிவுரைக்குத்தான் போனதாக ராமனே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வகுப்புக்கு வர வேண்டாம் என்று சொல்லுங்கள் என நான் கேட்கவில்லை. ஆனால் அந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

நான் படித்த இடத்தில் இருட்டறையில் சோடியம் விளக்கு சிவந்து, மெல்ல மஞ்சளாகி நிலைக்கவே பல நிமிடம் ஆகும். அதற்குள் அடுத்த பேட்ச் வாசலில் நிற்கும். ஒருநாள் தொலைநோக்கியில் பிம்பத்துக்குப் பக்கத்தில் மங்கலாகச் சில கோடுகள் தெரிந்தன. ராமன் கண்டது அதுதான் என்று சொல்ல மாட்டேன். என்னவென்று கேட்டேன். “அது எதுக்கு? ரீடிங் எடு, நேரமாச்சு” என்றார்கள். கோணத்தைக் காட்டும் நுண்ணளவுகோலான வெர்னியரில் லென்ஸை வைத்துப் படித்தேன். எவ்வளவு வந்தது என்பது மறந்துவிட்டது. ரெக்கார்டில் எல்லோரையும் போல 60 டிகிரி என்று எழுதினேன், முழு மதிப்பெண் கிடைத்தது. அந்தக் கோடுகளை மறுபடி பார்க்க வாய்ப்பே வரவில்லை.

உங்கள் சுமை எனக்குத் தெரியும். இரண்டு ஷிப்டு, நிரம்பாத பணியிடங்கள், பத்துப் பேருக்கு ஒரு கருவி. பிள்ளைகளில் பலர் மதியம் வேலைக்கு ஓடுகிறவர்கள். ஆகவே தனி நாள் எதுவும் கேட்கவில்லை. இருக்கிற பிராக்டிகல் நேரத்திலேயே மாதம் ஒருமுறை ரீடிங் கேட்காமல் விடுங்கள். விளக்கு எரியட்டும், முப்பட்டகத்தை அவர்கள் இஷ்டத்துக்குத் திருப்பட்டும். கண்டதை அப்சர்வேஷன் நோட்டில் சொந்த வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். 59 டிகிரி வந்தால் அடித்துவிடாமல், ஏன் வந்தது என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்கு இன்டர்னலில் இரண்டு மதிப்பெண் ஒதுக்குங்கள்.

வரும் ஜூனில் கால அட்டவணை போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
இயற்பியல் படித்த ஒருவன்