சத்தம் போடாத ரம்பம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். பேட்டரியில் ஓடும் சங்கிலி ரம்பம் ஒன்றை வாங்கிவிட்டதாகவும், வேலிப் பக்கம் சாய்ந்துவிட்ட கிளையை வரும் ஞாயிற்றுக்கிழமை நீயே வெட்டப்போவதாகவும் தொலைபேசியில் சொன்னாய். "பொம்மை மாதிரி இருக்கிறதம்மா, சத்தமே இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னாயே, அந்தப் பேச்சுதான் என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்தது.

நீ வாங்கியதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆண்டுக்கு நான்கைந்து முறை கிளை கழிப்பதற்கும், காற்றில் ஒடிந்து விழுந்ததைத் துண்டு போடுவதற்கும், பழைய மரக் கம்பங்களை அளவுக்கு அறுப்பதற்கும் பெட்ரோல் ரம்பம் தேவையே இல்லை. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிக்க அதைக் கிளப்புவதற்குள் வேலை செய்யும் ஆசையே போய்விடும். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் உள்ளே நின்ற எரிபொருள் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்துவிடும் தொல்லையும் உண்டு. ஜெர்மனியில் அன்ட்ரியாஸ் ஷ்டீல் 1926-இல் உருவாக்கிய முதல் சங்கிலி ரம்பமே மின்சாரத்தில் ஓடியதுதான். இருவர் சேர்ந்து பிடிக்க வேண்டிய கனமான பொறி அது. ஆகவே இதைப் புதுமோகம் என்று எவரும் உன்னைக் கேலி செய்தால் கண்டுகொள்ளாதே.

பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் எண்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். 18 வோல்ட் என்பதும் 20 வோல்ட் என்பதும் பெரும்பாலும் ஒரே பேட்டரிதான். ஐந்து லித்தியம் கலங்களின் இயல்பான அளவைச் சொல்வது முதலாவது, முழுதாக மின்னேற்றியபோது இருக்கும் உச்சத்தைச் சொல்வது இரண்டாவது. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பது தெரியும்: 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி. வேலை முடியும் முன் பேட்டரி தீர்ந்துபோனால் அதை இழப்பாக நினைக்காதே. களைத்த கை தவறு செய்யும் என்பதால், அந்த இடைவெளியை ஓய்வாகவே எடுத்துக்கொள்.

இப்போது அந்தச் சத்தத்துக்கு வருகிறேன். பெட்ரோல் ரம்பம் வெட்டாமல் நிற்கும்போதும் உறுமிக்கொண்டே இருக்கும். அதன் புகையும் அதிர்வும், தான் உயிரோடு இருப்பதை நமக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். உன்னுடையது விசையை விட்டவுடன் ஊமையாகிவிடும், ஆனால் பேட்டரி உள்ளே இருக்கும்வரை அது அணைந்துவிட்டதாகப் பொருளில்லை. இதை நான் கையேட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சிறிய ரம்பத்தின் சங்கிலியில் ஒரு நாள் ஈரப் பட்டை சிக்கிக்கொண்டது. பேட்டரியைக் கழற்றாமல் இடக்கையால் அதைப் பிய்த்து எடுக்கப் போனேன். வலக்கையால் கைப்பிடியை இறுகப் பற்றியபோது, பெருவிரல் பாதுகாப்புப் பொத்தானிலும் சுட்டுவிரல் விசையிலும் பழக்கத்தினால் தாமாகவே போய் உட்கார்ந்துவிட்டன. சங்கிலி அரைச் சுற்றுச் சுற்றியிருக்கலாம். தோல் கையுறையின் இரண்டு விரல் நுனிகள் கிழிந்தன, உள்ளே இருந்த விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உன்னிடம் அப்போது சொல்லவில்லை, சொன்னால் ரம்பத்தை ஒளித்து வைத்திருப்பாய். அன்று முதல், சங்கிலியைத் தொடுவதானாலும், எண்ணெய் ஊற்றுவதானாலும், பத்தடி தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவதானாலும் முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுகிறேன்.

அடுத்தது உதைப்பு. சங்கிலி ஓடும் நீண்ட தகட்டின் மூக்கு நுனியில், மேல் பாதிதான் மோசமான இடம். அந்த இடம் மரத்திலோ, பக்கத்துக் கிளையிலோ, கண்ணில் படாத ஒரு குச்சியிலோ பட்டால், ரம்பம் மேல்நோக்கிச் சுழன்று உன் முகத்தை நோக்கித் திரும்பும். நீ தடுக்க நினைக்கும் முன்பே அது நடந்து முடிந்துவிடும். முன்பிடிக்கு எதிரில் இருக்கும் தடுப்பு, உன் கை அதில் மோதும்போது சங்கிலியை நிறுத்துவதற்காகவே வைக்கப்பட்டது. ஒரு கையால் பிடிக்கும் குட்டி ரம்பங்கள் பலவற்றில் அந்தத் தடுப்பான் இருப்பதில்லை என்பதால், சிறியதுதானே என்ற எண்ணம் அங்கே இன்னும் தவறானது. உன்னுடையது இரண்டு பிடிகள் கொண்டதென்றாய். அப்படியானால் இரண்டு கைகளும் எப்போதும் அதன்மேல் இருக்க வேண்டும், இடக்கைப் பெருவிரல் முன்பிடியைச் சுற்றி வளைத்திருக்க வேண்டும், உடல் தகட்டின் நேர்க்கோட்டிலிருந்து சற்று விலகி நிற்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கி வெட்டாதே. ஏணியில் ஏறி வெட்டவே வெட்டாதே. அதற்கு நீண்ட கம்பு ரம்பம் இருக்கிறது, இல்லாவிட்டால் அந்த வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடு. மின்கம்பி அருகில் இருக்கும் கிளை நம் வேலையே அல்ல.

கண்ணாடி, கையுறை, மூடிய காலணி, தொளதொளவென்று தொங்காத உடை ஆகியவற்றை நான் சொல்லாமலே அணிவாய் என்று நம்புகிறேன்.

கிளையை அடியோடு ஒரே வெட்டில் எடுக்க நினைக்காதே. பாதி அறுத்ததும் கிளை தன் கனத்தால் மடங்கி, தாய்மரத்தின் பட்டையைக் கீழ்வரை உரித்துக்கொண்டு போய்விடும். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கீழிருந்து மேலாகத் தடிமனில் கால்பங்கு மட்டும் அறு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து கீழாக அறுத்தால் கிளை சுத்தமாக ஒடிந்து விழும். மிஞ்சிய முளையை மூன்றாவது வெட்டில் எடு. கீழிருந்து அறுக்கும்போது தகட்டின் மேல்விளிம்பு வேலை செய்வதால் ரம்பம் உன்னை நோக்கித் தள்ளும். மேலிருந்து அறுக்கும்போது உன்னை மரத்தை நோக்கி இழுக்கும். இது தெரிந்திருந்தால் முதல் வெட்டிலேயே திடுக்கிட மாட்டாய். கடைசி வெட்டை அடிமரத்தோடு ஒட்டி வழவழவென்று எடுப்பதுதான் அழகு என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். கிளை புறப்படும் இடத்தில் கழுத்துப்பட்டை போல் புடைத்திருக்கும் சதையை விட்டுவிட்டு, அதற்கு வெளியேதான் வெட்ட வேண்டும் என்று அமெரிக்க மரநோய் ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து விளக்கினார். காயத்தை மூடும் புதுத்திசு அந்தப் புடைப்பிலிருந்துதான் வளர்கிறது. வெட்டிய இடத்தில் பெயின்ட் பூசவும் தேவையில்லை.

பராமரிப்பில் பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. பேட்டரி ரம்பத்துக்கு எண்ணெயே வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். எரிபொருளில் கலக்கும் எண்ணெய்தான் வேண்டாம். சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெய் கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் ஓட்டினால் தகடு சூடேறித் தேய்ந்துவிடும். புதுச் சங்கிலி முதல் சில வெட்டுகளிலேயே நீளும் என்பதால், அடிக்கடி நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, தகட்டின் அடியில் அது தொங்குகிறதா என்று பார். தொங்கக் கூடாது, ஆனால் கையுறை அணிந்த கையால் இழுத்தால் எளிதாக ஓட வேண்டும்.

கூர் போனதை மரத்தூளே சொல்லிவிடும்: செதில் செதிலாக விழுந்தால் பல் கூராக இருக்கிறது, மாவாக விழுந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய சங்கிலியை அழுத்தி வெட்டுவதுதான் பேட்டரியை வீணாக்கும், உன்னையும் தடுமாற வைக்கும். ஒரு கணம் மண்ணில் பட்டாலோ, பழைய கம்பத்தில் மறைந்த ஆணியில் பட்டாலோ போதும், கூர் போய்விடும். உருட்டரத்தால் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தீட்டு. அரத்தின் அளவும் கோணமும் உன் கையேட்டில் இருக்கும். இடம் வலமாக மாறி மாறி வரும் அந்தப் பற்களுக்கு ஒரு கதை உண்டு. 1946-இல் ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு தன் தாடைகளால் இடமும் வலமுமாக மாறி மாறிக் குடைந்து போவதைக் கவனித்து, அதைப் பார்த்தே இந்தப் பல்லை வடிவமைத்தார். தீட்டும்போது எனக்கு அந்தப் புழுவின் நினைவுதான் வரும்.

வேலை முடிந்த கையோடு சூடான பேட்டரியை மின்னேற்றியில் செருகாதே, ஆறவிடு. நாள்கணக்கில் வைக்கப்போகிறாய் என்றால் பாதி அளவு மின்னேற்றி, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வை.

உன் கிளையைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்று தெரிய வேண்டும். அதன் நுனி வேலிமேல் படுத்திருக்கிறதா, வேலியைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறதா? அந்தரத்தில் நின்றால் மேல்பக்கம் இழுபட்டும் கீழ்ப்பக்கம் நெருக்குண்டும் இருக்கும். மேலே சொன்ன மூன்று வெட்டுகள் அதற்குச் சரி. வேலியில் படுத்திருந்தால் நடுவில் நெருக்கம் மேல்பக்கத்துக்கு மாறிவிடும், அப்போது மேலிருந்து தொடங்கிச் சிறிதளவே அறுத்துவிட்டுக் கீழிருந்து முடிக்க வேண்டும்; மாற்றிச் செய்தால் தகட்டை மரம் கவ்விக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா