செவ்வாய்க்கிழமைச் சோற்றுக்கும் ஒரு பங்கு தாருங்கள்

அன்புடையீர், வணக்கம்.

வெள்ளவத்தையில் காலி வீதியின் இரு பக்க ஒழுங்கைகளிலும் தனியாக வாழும் முதியவர்களுக்குக் கிழமைக்கு மூன்று நாள் ஒரு மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு கொடுத்து வருகிறோம். செவ்வாய், வியாழன், சனி. ஏறத்தாழ நாற்பது பேர் வருகிறார்கள். இன்னும் இருபது பேர் பெயர் தந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்ளத்தான் இந்த வேண்டுகோள்.

பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். ஃபோனில் முகம் பார்க்கிறார்கள், முடிந்தவர்கள் காசும் அனுப்புகிறார்கள். ஆனால் தனக்காக மட்டும் உலை வைக்க யாருக்கு மனம் வரும்? காலையில் ஆக்கியதையே இரவுக்கும் வைப்பார்கள். அதுவும் அலுத்தால் பிளேன்டீயும் கிரீம் கிராக்கரும்தான். கொழும்பில் 2022 செப்டெம்பரில் உணவு விலை ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட 94.9 சதவீதம் கூடியிருந்தது. பிறகு ஏற்றத்தின் வேகம் தணிந்ததே தவிர, விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஓய்வூதியத்தையும் வங்கி வட்டியையும் நம்பியிருப்பவர்கள் முதலில் மீனை விட்டார்கள், அப்புறம் முட்டையை.

வயது போனால் கொஞ்சம் சாப்பிட்டால் போதும் என்று சொல்வது நம் வழக்கம். அது பாதிதான் சரி. சோற்றின் அளவு குறையலாம், புரதம் குறையக்கூடாது. முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள் போசணை நிபுணர்கள். 50 கிலோ எடையுள்ள ஓர் அம்மாவுக்கு 50, 60 கிராம். அது கிடைக்காவிட்டால் தசை கரைந்து கால் தளரும், விழுவதும் கூடும். அதனால்தான் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கீரை வறை, சொதி இவற்றோடு மீனோ முட்டையோ கட்டாயம் வைக்கிறோம். செவ்வாய்க்கிழமை மரக்கறி, அன்று கடலைக் கறியும் தயிரும். சீனி வருத்தக்காரர் அதிகம் என்பதால் பாயசம் கிடையாது.

"பார்சல் கட்டிக் கொடுத்தால் செலவு குறையுமே" என்று சிலர் கேட்கிறார்கள். குறையும்தான். நடக்கவே முடியாதவர்களுக்கு அப்படித்தான் அனுப்புகிறோம். மற்றவர்கள் மண்டபத்துக்கு வரவேண்டும் என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். பத்து மணிக்கே சில அம்மாமார் வந்துவிடுவார்கள். சுளகில் முருங்கை இலையைப் பரப்பி உருவத் தொடங்கினால் கதையும் தொடங்கிவிடும்: எந்த மாடியில் லிஃப்ட் பழுது, யாருக்குக் கண் ஒப்பரேஷன், எந்தப் பேத்திக்குச் சோதனை. கை நடுங்கும் ஐயாவுக்குப் பக்கத்தில் இருப்பவர் மீன் முள்ளை எடுத்துக் கொடுப்பார். வீட்டில் இரண்டு வாயோடு எழும்புகிறவர்கள் இங்கே மறுபடி சோறு கேட்கிறார்கள். ஒருவர் வராவிட்டால் பந்தி முடிவதற்குள் யாராவது ஃபோன் எடுத்துவிடுவார்கள். அப்படி ஒருநாள் எடுத்தபோது பதில் இல்லை. ஆள் அனுப்பிப் பார்த்ததால்தான் ஒரு ஐயா குளியலறையில் விழுந்து கிடந்தது தெரிந்தது. நல்லகாலம், இப்போது தேறி மறுபடி வருகிறார். பார்சலை வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தால் நமக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

தனிமை ஆண்டுக்கு 871,000க்கும் மேற்பட்ட மரணங்களோடு தொடர்புடையது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு 2025இல் சொன்னது. அமெரிக்காவில் 60 வயது கடந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட 1972இலேயே சட்டம் போட்டு அரச பணம் ஒதுக்கினார்கள். இங்கே அதை நாம்தான் செய்யவேண்டியிருக்கிறது.

செலவுக்கு வருவோம். சாமான், கேஸ், சமைக்கும் அக்காமாரின் சம்பளம், வர முடியாதவர்களை ஏற்றிவரும் ஓட்டோ எல்லாம் சேர்த்து ஒரு சாப்பாட்டுக்கு ஏறத்தாழ 400 ரூபாய் முடிகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 13 சாப்பாடு என்றால், ஒருவருக்கு மாதம் 5,200 ரூபாய். காத்திருக்கும் இருபது பேருக்கும் மாதம் 104,000 ரூபாய் வேண்டும். மண்டபத்துக்கு வாடகை இல்லை.

ஆடி அமாவாசைக்கும் சித்திரா பௌர்ணமிக்கும் அன்னதானம் தரப் பலர் வருகிறீர்கள். அப்பா அம்மாவை நினைத்துத் தருவதை இரு கையாலும் வாங்கிக்கொள்கிறோம். ஆனால் ஒரே நாளுக்குப் பலர் கேட்க, விசேஷம் ஒன்றும் இல்லாத ஐப்பசிச் செவ்வாய்க்கு ஆள் இருப்பதில்லை. ஆகவே, ஒருநாள் விருந்தைவிட மாதாமாதம் ஒரு பங்கு தாருங்கள் என்று கேட்கிறோம். 1,000 ரூபாய் என்றாலும் சரி, அது மாதம் தவறாமல் வந்தால் எங்களால் துணிந்து இன்னொருவருக்கு "வாருங்கள்" என்று சொல்ல முடியும். இதைத் தவிர, கழிவறையில் கைபிடிக் கம்பியும் வாசலில் சாய்தளமும் போட ஒருமுறை உதவியும் தேவை.

பொருளாகத் தருவோர் சிவப்பரிசி, பருப்பு, கடலை, டின் மீன் தரலாம். சமைத்த உணவு வேண்டாம், உப்பும் சீனியும் எங்கள் கையில் இருக்கவேண்டும். சாப்பாட்டு நாட்களில் மண்டபத்துக்கு வந்து பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாதக் கணக்கு மண்டப வாசலில் ஒட்டப்படும். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் இங்குள்ள உறவினர் மூலம் கேட்டால் வங்கி விபரம் தருவோம்.

காசு தர வசதி இல்லாதவர்கள் பரிமாற வரலாம், பதினொன்றரைக்கு வந்தால் போதும். உங்கள் மாடியில் தனியாக இருக்கும் ஒருவரைத் தெரிந்தால் அவரையும் கையோடு கூட்டிவாருங்கள்.

இப்படிக்கு,
மதிய உணவுக் குழுவினர்,
வெள்ளவத்தை, கொழும்பு