ஓட்டுநாளில் படகு கரையில் நிற்கட்டும்
விசைப்படகு உரிமையாளர் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கத்தாருக்கு, வணக்கம்.

2024 ஏப்ரல் 19 அன்று நம் ஊர் வாக்குச்சாவடியில் பெண்கள் வரிசை எவ்வளவு நீளம், ஆண்கள் வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். காரணமும் தெரியும். ஈஸ்டர் முடிந்ததும் தங்குகடலுக்கு, அதாவது வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போன படகுகள் மே மாதம்தான் திரும்பின. என் தம்பியும் அப்படிப் போனவன்தான். அவனுடைய பூத் சிலிப் அதுவரை எங்கள் வீட்டுக் காலண்டர் ஆணியில் தொங்கியது. கிளம்பும் முன்பு முதலாளியிடம் கேட்டிருக்கிறான்: "அண்ணே, ஓட்டு முடிஞ்சு போவமா?" ஐஸ் ஏற்றியாகிவிட்டது, டீசல் அடித்தாகிவிட்டது. "ஒரு ஓட்டுல என்னடே ஆகப்போவுது" என்பதுதான் பதில்.

கடன் வாங்கிப் படகு இறக்கியவரின் கஷ்டம் புரியாமல் எழுதவில்லை. ஆனால் அந்தப் பதிலுக்கு மட்டும் ஒரு கணக்கு சொல்ல வேண்டியிருக்கிறது. அதே 2024 ஜூலையில் பிரிட்டனில் தேர்தல் நடந்தது. குடியேறிகளுக்கு எதிராகப் பேசியே வளர்ந்த ரிஃபார்ம் கட்சி, தெற்கு பாசில்டன் - கிழக்கு தர்ராக் தொகுதியில் ஜெயித்தது 98 ஓட்டில். படகுக்குப் பன்னிரண்டு பேர் என்று வைத்தால் சுமார் எட்டுப் படகு ஆட்கள். நம் துறைமுகத்தில் ஒரு வரிசையில் கட்டிக்கிடப்பவையே அதைவிட அதிகம்.

அதற்கு முந்தைய வாரம் பிரான்ஸில் ஜூன் 30 அன்று நடந்த முதல் சுற்றில் தீவிர வலதுசாரியான தேசிய பேரணி கட்சி முதலிடம் பிடித்தது. அடுத்த ஞாயிறு இரண்டாம் சுற்று. அதில் இடங்களின் எண்ணிக்கையில் அது மூன்றாவதாகப் போனது. எதிர் ஓட்டு சிதறாமல் இருக்க மற்ற கட்சிகள் பல தொகுதிகளில் தங்கள் வேட்பாளரை விலக்கிக்கொண்டன, ஜனங்கள் வரிசையில் வந்து நின்றார்கள். கூட்டம் வந்தாலே இப்படிப்பட்ட கட்சிகள் தோற்றுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஜெர்மனியில் 2025 பிப்ரவரியில் 82.5 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டும் அங்குள்ள தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி 20.8 சதவீதம் வாங்கியது. 2021-இல் வாங்கியதைப்போல இரண்டு மடங்கு. அவர்கள் தங்கள் ஆட்களை வீட்டிலிருந்து கிளப்பிக் கொண்டுவந்துவிடுகிறார்கள். நாம் நம் ஆட்களை ஓட்டுக்கு முன்பாகக் கடலுக்கு அனுப்பிவைக்கிறோம்.

ஐரோப்பாவில் நடப்பது நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். 'இவன் நம்மவன் இல்லை' என்று சொல்லி ஓட்டு வாங்கும் அரசியல் எப்படி முடியும் என்பது 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து - கிறிஸ்தவர் கலவரத்தைப் பார்த்த இந்த மாவட்டத்துக்குத் தெரியும். துப்பாக்கிச் சூடு வரை போனது. கடற்கரைக்கும் உள்நாட்டு ஊர்களுக்கும் நடுவே அப்போது விழுந்த விரிசலை மூட எத்தனை வருடம் ஆனது! மறுபடி யாராவது அதில் கைவைக்க வந்தால் வேண்டாம் என்று சொல்ல நம்மிடம் இருப்பது ஓட்டுதான்.

நான் கேட்பது ஒன்றுதான்: ஓட்டுநாளில் படகு கரையில் நிற்கட்டும்.

முடியாத காரியமில்லை. 2019-இல் ஓட்டு ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று வந்தது. 2021-இல் ஈஸ்டர் முடிந்து இரண்டாம் நாள். பண்டிகைக்கு வந்தவர்கள் அப்படியே ஓட்டும் போட்டார்கள், யாரும் திவாலாகவில்லை. 2024-இல் நம் மாவட்டத்திலேயே கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்துப் படகுகளைக்கூட ஏப்ரல் 15-லேயே மீன்பிடித் தடைக்காலம் கட்டிப்போட்டது. மேற்குக் கரையான நமக்கு ஜூன் 1-தான். நம் ஜனநாயகம் ஈஸ்டர் தேதியையும் மீன்பிடித் தடைக்காலத்தையும் நம்பி ஓடுகிறது, நல்லது.

கடையில் வேலை பார்ப்பவருக்கு ஓட்டுநாளில் சம்பளத்தோடு விடுப்பு தரச் சட்டம் இருக்கிறது. ராணுவத்தில் இருப்பவருக்குத் தபால் ஓட்டு உண்டு, 85 வயதைத் தாண்டியவருக்கு வீட்டிலேயே ஓட்டு. ஆழ்கடலில் இருப்பவருக்கு எதுவும் இல்லை. அதைத் தேர்தல் ஆணையத்திடம் கேட்க வேண்டும், கேட்போம். மானிய டீசல் குறைந்தால் ஒரே நாளில் அத்தனை படகையும் கரைக்குக் கூப்பிடத் தெரிந்த சங்கம் இதற்கு மட்டும் ஆணையத்தின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டுமா? ஒகி புயல் வந்த 2017-இல் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று ஆள் எண்ணக் கேமராவோடு வந்தார்கள். உயிரோடு இருக்கும்போதும் எங்கள் ஆண்கள் எண்ணப்பட வேண்டாமா?

சரி, கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் தேதி அறிவித்த வாரத்திலேயே சங்கம் கூடி, அந்தத் தேதியைத் தாண்டும் டிரிப்புக்குப் படகு இறக்குவதில்லை என்று தீர்மானம் போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஓட்டுநாளில் படகு கரையில் நிற்கட்டும். ஐஸ், டீசல், நாள் நஷ்டத்தை முதலாளிக்கும் பங்குக்காரருக்கும் எப்படிப் பிரிப்பது என்று பேசும் அந்தக் கூட்டத்துக்கு வீட்டுப் பெண்களையும் கூப்பிடுங்கள். வட்டிக்கு வாங்கிக் குடும்பம் நடத்துகிற எங்களிடம் கணக்கு இருக்கிறது.

இப்படிக்கு,
கடற்கரை வாக்காளர் ஒருத்தி
கன்னியாகுமரி மாவட்டம்