நடப்பதற்கு ஒரு படிப்பு

டார்பிஷையர், இங்கிலாந்து,
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் இந்த நடைப் பயிற்சியைப் பற்றிப் போனில் சொன்னபோது, "நடக்கிறதுக்கெல்லாமா சர்ட்டிஃபிகேட்?" என்று பின்னாலிருந்து அத்தான் சிரித்தாரே, அவருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

தனியாக நடக்க ஒன்றும் வேண்டாம் அக்கா. ஊரார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் பயிற்சி கேட்கிறார்கள். நான் உதவியாளராக இருக்கும் பள்ளியில் ஆண்டுதோறும் பதினான்கு வயதுப் பிள்ளைகளை நடைபயணம் அனுப்புகிறார்கள். கூடப்போகப் பெரியவர்கள் போதவில்லை என்றார்கள், கையைத் தூக்கிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, முதலில் 'லோலேண்ட் லீடர்', அதாவது தாழ்நில நடைக்குழுத் தலைவர், பயிற்சி முடிக்க வேண்டும் என்று. பெயரிலேயே இருக்கிறபடி, மலை கிடையாது. வயல்வெளி, காடு, ஆற்றங்கரை. அதுவும் கோடைக்கால வானிலையில், பகலில். வரைபடத்திலும் இருந்து தரையிலும் கண்ணுக்குத் தெரிகிற பாதையாக இருக்க வேண்டும். சாலையோ ஊரோ 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். கூடாரம் போட்டுத் தங்குவதற்குத் தனியாக ஒரு பிரிவு படிக்க வேண்டும். முதலுதவிப் பயிற்சியும் கட்டாயம்.

இங்கே எனக்குப் பெரிய வியப்பே பாதைகள்தான். ஒருவருடைய வயலுக்கு நடுவிலேயே பொதுப்பாதை போகும். மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு, நீல அம்பு இருந்தால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. பட்டா அவர் பெயரில் இருந்தாலும் வழியை அடைக்க அவருக்கு உரிமையில்லை. இதெல்லாம் சும்மா கிடைத்துவிடவில்லை. எங்களுக்கு வடக்கே கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலம் இருக்கிறது. அது வேட்டைக்காரப் பணக்காரர்கள் கையில் இருந்தது. 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி நூற்றுக்கணக்கான பேர், பெரும்பாலும் மான்செஸ்டர் பக்கத்து இளைஞர்கள், தடையை மீறி மேலே ஏறினார்கள். காவல்காரர்களோடு கைகலப்பாகி ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு 1949-இல் சட்டம் வந்து, எங்கெங்கே பொதுவழி இருக்கிறது என்று அதிகாரபூர்வ வரைபடத்தில் குறிக்க ஆரம்பித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கிண்டர் ஸ்கவுட்டுக்கு நான் குழுவைக் கூட்டிப்போக முடியாது. 636 மீட்டர் உயரம். என் படிப்பு அந்த மேட்டுக்குச் செல்லாது.

வரைபடம் படிப்பதில்தான் நிறைய நேரம் போகிறது. ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நிறுவனம் போடுகிற ஆரஞ்சு அட்டை மேப். நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். வயலுக்கு வயல் இருக்கிற கற்சுவர்கூடக் கோடாக வந்துவிடும். "இப்ப எங்கே நிக்கிறோம், காட்டுங்க" என்று பயிற்சியாளர் கேட்டால் விரலை வைக்கக் கூடாது. ஒரு புல்லைப் பிடுங்கி அதன் நுனியால் காட்ட வேண்டும். விரல் நுனி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மறைக்கும். அதாவது தரையில் கால் கிலோமீட்டருக்கு மேல். கால் கிலோமீட்டருக்குள் இரண்டு கேட்டும் ஒரு பாதைப் பிரிவும் வந்துவிடும். மழையில் மூக்குக் கண்ணாடியில் நீர் வழிய, மேப்பில் பாதையைக் காட்டும் பச்சைக் கோட்டின் மேல் புல் நுனியை வைத்துச் சுவர்களை எண்ணிக்கொண்டு நிற்கிற என்னை நீ பார்த்திருந்தால் அத்தானை விட அதிகமாகச் சிரித்திருப்பாய்.

இதை விடக் கஷ்டம் ஆட்களைப் பார்ப்பது. மாற்றி மாற்றி எங்களையே தலைவராக்கி நடக்கவிடுகிறார்கள். முன்னால் போகிறவர் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார் என்பதைக் கவனிக்கிறார்கள். வேலி தாண்டப் போட்டிருக்கும் மரப்படியில் ஒவ்வொருவராக ஏறி இறங்கவே நேரமாகும். முதல் ஆள் தாண்டியதும் நடையைக் கட்டினால் கடைசி ஆள் ஓடிவர வேண்டியதுதான். அவர்தான் ஏற்கெனவே குதிகால் உரசி நொண்டிக்கொண்டிருப்பவர். கொப்புளம் வந்த பிறகு பிளாஸ்திரி போட்டுப் பிரயோசனமில்லை. சூடாக இருக்கிறது என்று சொல்லும்போதே நிறுத்தி ஷூவைக் கழற்ற வேண்டும். கன்றோடு பசுமாடு நின்றால் வயலைச் சுற்றிப்போக வேண்டும். நம் வீட்டுப் பசுவை நினைத்துக்கொண்டு கிட்டே போய்விடக் கூடாது. இங்கே மாடு மிதித்து ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

சமையல் ட்ராஞ்சியா அடுப்பில். ஊதா நிற ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைப்பது. வெயிலில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து ஸ்பிரிட் ஊற்றினால் பாட்டிலோடு பற்றிக்கொள்ளும். அதனால் அணைந்து ஆறிய பிறகுதான் மறுபடி ஊற்ற வேண்டும். அடுப்பின் முன் சம்மணம் போட்டு உட்காரவும் விட மாட்டார்கள். குத்துக்காலிட்டுத்தான் இருக்க வேண்டும், கவிழ்ந்தால் உடனே எழுந்து விலகலாம். வெளியே மழை கொட்டினாலும் கூடாரத்துக்குள் அடுப்பு கூடாது. தீ ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம்.

இனி சொல்வதைக் கேட்டால் நீ திட்டுவாய். அந்தப் பிள்ளைகளின் பயணத்தில் நாங்கள் கூடவே நடக்க மாட்டோம்! 'டியூக் ஆஃப் எடின்பரோ விருது' என்ற இளைஞர் திட்டத்தின் பகுதி அது. எலிசபெத் மகாராணியின் கணவர் இளவரசர் பிலிப் 1956-இல் தொடங்கியது. எவரெஸ்டை முதன்முதலாகத் தொட்ட 1953 பயணத்துக்குத் தலைமை தாங்கிய ஜான் ஹன்ட்தான் அதற்கு முதல் இயக்குநர். முதல் படியான வெண்கல விருதுக்கு இரண்டு பகல், ஓர் இரவு. நான்கு முதல் ஏழு பேர் வரை ஒரு குழு. வழியை அவர்களே திட்டமிட்டு, மூட்டையை அவர்களே சுமந்து, அவர்களே சமைத்து வர வேண்டும். பழகும் நாட்களில் கூட நடந்து சொல்லித்தருவோம். அப்புறம் குறித்த இடங்களில் மட்டும் காத்திருந்து பார்ப்போம்.

போன மாதம் ஒரு குழுவோடு உதவிக்குப் போனேன். சாலையோரம் காருக்குள் நானும் மேற்பார்வையாளரும். எதிர்ச் சரிவில் ஐந்து பிள்ளைகள் தப்பான கேட்டைத் திறந்து இறங்குவது நன்றாகத் தெரிகிறது. எனக்குக் கை கதவுக்குப் போய்விட்டது. அவர், "அந்தப் பக்கம் ஓடையில்லை, பெரிய சாலையில்லை. இருங்க" என்றார். வயலின் கோடி வரை போனார்கள், சுவரைப் பார்த்தார்கள், மேப்பைப் பிரித்தார்கள். இரண்டு பேருக்குள் வாக்குவாதம். அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் காம்பஸை மேப்பின் மேல் வைத்துத் திருப்பினாள். எல்லோரும் அவள் பின்னால் மேலே ஏறினார்கள். எங்களிடம் வந்தபோது வழி தவறியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எனக்கு இது முழுசாக மனசுக்கு ஒத்துக்கொண்டது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் ஓடை இருந்திருந்தால் அவரே முதலில் ஓடியிருப்பார். எங்கே ஓடை இருக்கிறது என்று முந்தின வாரமே நடந்து பார்த்து வைத்திருந்ததால்தான் அவரால் அப்படிச் சாய்ந்து உட்கார முடிந்தது. எனக்கு அந்தத் தைரியம் வர இன்னும் நிறைய நடக்க வேண்டும். நடந்ததை எல்லாம் பதிவேட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். முகம் தெரியாதவர்கள்கூட எதிரே வந்தால் "மார்னிங்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். ஆனால் நம் நிறத்து ஆட்கள் இந்தப் பாதைகளில் அபூர்வம்.

தேர்வு மே மாதம், ஒரு வார இறுதியில். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு டாக்டர் தேதி கொடுத்ததும் உடனே சொல். இரண்டும் ஒன்றாக வந்தால் தேர்வைத் தள்ளிப்போட்டுக்கொள்ளலாம், ஆனால் பள்ளியில் லீவு கேட்க முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உன் தங்கை